ஒரே தேங்காய், மூன்று கணக்கு

பொருளியல் பாடநூல்களில் ‘பயனீட்டாளர் தேர்வு’ என்ற அத்தியாயத்தைப் புரட்டினால் பீட்சாவும் குளிர்பானமும்தான் உதாரணமாக வருகின்றன. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தைப் பயிலும் என்னைப் போன்றவர்களுக்கு, பாகான் டத்தோவில் அதைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் தேங்காய்.

2017இல் பேராவின் 12ஆவது மாவட்டமான பாகான் டத்தோ, நாட்டின் முதன்மையான தென்னைப் பகுதிகளுள் ஒன்று. செம்பனை எங்கும் பரவிய பின்னரும் இங்குத் தென்னை மறையவில்லை. ஆனாலும், 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடு முழுவதும் தேங்காய் தட்டுப்பாடாகி விலை ஏறியபோது, இங்குள்ள குடும்பங்களும் தேங்காயைக் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டியிருந்தது.

சமையலறைக் கணக்கு

விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும், விலை இறங்கினால் கூடும். இதுதான் தேவை விதி. எவ்வளவு குறையும் என்பதைச் சொல்வது நெகிழ்ச்சி. இக்கருத்தை 1890இல் வெளிவந்த தமது நூலில் விளக்கி, பொருளியலில் நிலைபெறச் செய்தவர் ஆல்ஃபிரட் மார்ஷல்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். மாதம் 10 தேங்காய் வாங்குகிறார்கள். 8 சமையலுக்கு, 2 பூசைக்கு. ஒரு காயின் விலை 2 வெள்ளியிலிருந்து 2 வெள்ளி 50 காசாக, அதாவது 25 விழுக்காடு ஏறுகிறது. சமையலுக்கு வாங்குவது 8லிருந்து 4ஆகக் குறைகிறது. அளவு 50 விழுக்காடு குறைந்ததால் நெகிழ்ச்சி 2. கறிக்குப் பெட்டியில் அடைத்த தேங்காய்ப் பால் இருக்கிறது. தோசைக்குத் தேங்காய்ச் சட்டினி இல்லாவிட்டால் தக்காளிச் சட்டினி. இவை பதிலிப் பொருள்கள். பதிலி எளிதாகக் கிடைக்கும் இடத்தில் நெகிழ்ச்சி அதிகம்.

பூசை அறைக் கணக்கு

அதே வீட்டில் பூசைக்கான 2 தேங்காய் 2ஆகவே இருக்கிறது. நெகிழ்ச்சி சுழியம். அர்ச்சனைத் தட்டில் பால் பெட்டியை வைக்க முடியாது. அங்குப் பதிலி இல்லை. சமையலுக்கான செலவு 16 வெள்ளியிலிருந்து 10 வெள்ளியாகக் குறைய, பூசைக்கான செலவு 4 வெள்ளியிலிருந்து 5 வெள்ளியாக ஏறுகிறது. பொருளும் கடையும் வாங்குபவரும் ஒன்றுதான். தேவை மட்டும் இரண்டு. ‘தேங்காய் அத்தியாவசியப் பொருளா, இல்லையா?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதற்காக வாங்குகிறோம் என்று கேட்க வேண்டும்.

தேர்வில் பலரைத் தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. தீபாவளி வாரத்தில் தேங்காய் விலையும் ஏறுகிறது, விற்பனையும் ஏறுகிறது. அப்படியானால் தேவை விதி பொய்யா? இல்லை. மற்றவை மாறாதிருக்கும்போதுதான் அவ்விதி பொருந்தும். பண்டிகையின்போது மக்களின் விருப்பமே மாறுகிறது. தேவை வளைகோடு முழுவதுமே வலப்பக்கம் நகர்கிறது. அதன் விளைவாகவே விலையும் ஏறுகிறது. கோட்டின் மேல் நகர்வது வேறு, கோடே நகர்வது வேறு.

தோப்புக் கணக்கு

விலை ஏறும்போது இரண்டு விளைவுகள் நடக்கின்றன. வேறு பொருளுக்கு மாறுவது பதிலீட்டு விளைவு. கையிலுள்ள பணத்தின் வாங்கும் சக்தி குறைவது வருமான விளைவு. மேற்சொன்ன குடும்பம் பழையபடி 10 காய் வாங்க நினைத்தால் 5 வெள்ளி கூடுதலாக வேண்டும். நாள்தோறும் 40 காய் அரைத்து நாசி லெமாக் விற்கும் சிறு வியாபாரிக்கோ அது ஒரு நாளைக்கு 20 வெள்ளி. விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவார். கூட்டாவிட்டால் இலாபம் போய்விடும்.

சொந்தமாகச் சில ஏக்கர் தென்னை வைத்திருப்பவர் வீட்டில் வருமான விளைவு தலைகீழாகிறது. விலை ஏற்றம் அவருக்கு வரவு. அதே சமயம், தம் மரத்தில் பறித்த காய் அவருக்கு இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. அதை விற்றால் கிடைக்கும் தொகைதான் அதன் உண்மையான விலை. அதுவே வாய்ப்புச் செலவு. விலை ஏறினால் அவரும் குழம்பில் ஊற்றும் பாலுக்கு அதிக விலை கொடுக்கிறார், கடைக்குப் போகாமலேயே. ஆகவே, பாகான் டத்தோவில் தேங்காய் விலை ஏறியது நல்லதா கெட்டதா என்று ஊருக்கே ஒரு பதில் சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரு வீடுகளில் இரண்டு பதில்கள் இருக்கும்.

108க்கு 107 போதுமா?

2025 பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசம். அதற்கு முன்பு, தட்டுப்பாட்டைக் கருத்தில் கொண்டு, உடைக்கும் தேங்காய்களின் எண்ணிக்கையைக் குறைக்குமாறு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பக்தர்களைக் கேட்டுக்கொண்டது. விலை செய்யாததை வேண்டுகோளால் செய்யும் முயற்சி அது.

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிப்படி, அடுத்தடுத்து நுகரும் ஒவ்வோர் அலகும் முந்தையதைவிடக் குறைந்த மனநிறைவைத் தரும். முதல் இளநீர் தாகம் தீர்க்கும், மூன்றாவது திகட்டும். ஆனால், 108 தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டவருக்கு 107 போதாது. அந்தக் கடைசிக் காயில்தான் நேர்த்தி முடிகிறது. நேர்த்திக்கடனை இளநீர்க் கணக்கால் அளக்க முடியாது. எதை விரும்ப வேண்டும் என்று பொருளியல் யாருக்கும் சொல்வதில்லை. அந்த விருப்பத்திற்கு என்ன விலை, அதைக் கொடுப்பது யார் என்பதை மட்டுமே காட்டுகிறது.

அந்த விலையில் ஒரு பங்கைப் பக்கத்து வீடும் கொடுக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் வண்டி வண்டியாகத் தேங்காய் வாங்கப்படும்போது விலை மேலும் ஏறும்; அர்ச்சனைக்கு ஒரே ஒரு காய் வாங்க வருபவரும் அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும். இன்னும் வேண்டிக்கொள்ளாதவர்கள் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

எஸ்டிபிஎம் தேர்வுக்குப் பொருளியல் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு மாத மளிகைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பொருளின் விலையும் 25 விழுக்காடு ஏறினால் எதைக் குறைப்பீர்கள், எதைக் குறைக்க மாட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். பாடநூல் சொல்லும் வளைகோடு உங்கள் அடுப்படியிலேயே இருப்பது தெரியும். அந்தக் கணக்கை அம்மா பல ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருப்பதும் தெரியும்.