யாருடைய பொறுப்பு இந்தப் புகைபோக்கி?

புது தில்லி: ஆங்கிலேயர் ஆட்சியில் கோடைக்காலத் தலைநகராக விளங்கிய சிம்லாவில், சரிவான கூரைகளுக்கு மேலே கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட புகைபோக்கிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கு அவை புகைப்படத்துக்கு ஏற்ற காட்சி. அவற்றின் கீழே வசிக்கும் குடும்பங்களுக்கோ குளிர்காலம் தோறும் எழும் கேள்வி வேறு. இந்த ஆண்டு கணப்பை மூட்டலாமா, கூடாதா என்பதே அது.

நூறாண்டைக் கடந்த வீட்டின் சுவர் விரிசல் கண்ணுக்குத் தெரியும். கூரை ஒழுகினால் தரை நனையும். புகைபோக்கி மட்டும் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. வெளித் தோற்றத்தில் உறுதியாக நிற்கும்போதே அதன் உட்புறம் உதிர்ந்துவிட்டிருக்கக்கூடும். அதைச் சீரமைக்கும் தொழில்நுட்பம் பழையது, எளிதில் விளங்கக்கூடியது. ஆனால், சீரமைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத்தான் தெளிவான விடை இல்லை.

கணப்புகளின் நகரம்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லாவில் முதல் நிலையான வீட்டை 1822-இல் கேப்டன் சார்லஸ் பிராட் கென்னடி என்ற ஆங்கிலேய அதிகாரி கட்டினார். 1864-இல் அது கோடைக்காலத் தலைநகரானது. 1903-இல் கால்கா - சிம்லா ரயில் பாதை திறக்கப்பட்டது. இக்காலகட்டத்தில் எழுந்த பங்களாக்களிலும் அலுவலகங்களிலும் அறைகளைச் சூடாக்கக் கணப்புகள் அமைக்கப்பட்டன. விறகும் நிலக்கரியும் எரிக்கப்பட்டன.

1971-இல் ஹிமாசலப் பிரதேசம் தனி மாநிலமானபோது சிம்லா அதன் தலைநகரானது. ஒரு குடும்பத்துக்கெனக் கட்டப்பட்ட பங்களாக்கள் பல, காலப்போக்கில் பிரிக்கப்பட்டுப் பல குடும்பங்கள் வாடகைக்கு வசிக்கும் வீடுகளாயின. கூரைக்கு மேல் எழும் புகைபோக்கியோ பிரிக்கப்படவில்லை. கீழ்த்தளம், மேல்தளம் ஆகியவற்றின் புகைவழிகள் அனைத்தும் அதே கட்டுமானத்துக்குள் அடுத்தடுத்துச் செல்கின்றன.

உள்ளே நடப்பது என்ன?: அக்கால ஆங்கிலேயக் கட்டட முறையில், புகைவழியின் உட்புறத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. அதில் சாணம் கலப்பதும் உண்டு. தனியாக உட்குழாய் பொருத்தும் வழக்கம் அப்போது பரவலாக இல்லை. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தக வாயு ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைத் தாக்கி அதை ஊதச் செய்கிறது, பின்னர் உதிர்க்கிறது. பூச்சு உதிர்ந்தபின் செங்கல் இணைப்புகளில் உள்ள சாந்தும் கரையத் தொடங்குகிறது.

ஈர விறகு எரித்தால் நிலைமை மேலும் மோசமாகும். அப்போது வெளியேறும் புகை, குளிர்ந்த புகைவழியில் தார் போன்ற கறுப்புப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. 'கிரியோசோட்' எனப்படும் இப்படிவு எளிதில் தீப்பற்றக் கூடியது. புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். சாந்து உதிர்ந்த இடைவெளி வழியாகத் தீ வெளியேறினால், அருகில் இருப்பது பெரும்பாலும் தேவதாரு மர உத்தரம்.

பழைய கணப்பில் 'புகாரி' எனப்படும் இரும்பு அடுப்பை இணைப்பவர்கள் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. திறந்த கணப்புக்கெனக் கட்டப்பட்ட புகைவழி அகலமானது. கணப்பு வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அது அமைக்கப்படும். இரும்பு அடுப்பிலிருந்து வரும் குறைந்த அளவுப் புகை அந்த அகன்ற வழியில் வேகம் இழந்து குளிர்கிறது. தார் படிவது அதிகரிக்கிறது. புகை மேலேறாமல் அறைக்கே திரும்புகிறது.

அடைத்தாலும் ஆபத்து: புகை திரும்புகிறது, மழைநீர் இறங்குகிறது, பறவைகள் கூடு கட்டுகின்றன என்ற காரணங்களால் பலர் கணப்பின் வாயைப் பலகை அல்லது செங்கல் வைத்து அடைத்துவிடுகின்றனர். குளிர் அதனால் குறைவதில்லை. மின்சாரம் தடைப்படும் பனி இரவுகளில், புகைபோக்கியே தேவைப்படாத 'அங்கீட்டி' என்னும் கரி அடுப்பு அறைக்குள் வருகிறது. கதவும் ஜன்னலும் மூடப்படுகின்றன.

கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் அது இணைகிறது. உறங்குபவர் விழித்து எழுவதற்கு முன்பே நினைவிழக்க நேரிடும். 2024 ஜனவரியில் தலைநகர் தில்லியின் அலிப்பூர் பகுதியில் அறைக்குள் அங்கீட்டி வைத்து உறங்கிய தம்பதியும் அவர்களது இரு குழந்தைகளும் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுடும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இரு இளைஞர்கள் இறந்தனர்.

சமையலறைப் புகையை ஒழிப்பதில் அரசுகள் கணிசமான முன்னேற்றம் கண்டுள்ளன. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. ஹிமாசல அரசு 2018-இல் தனியாக ஒரு திட்டம் கொண்டு வந்து, 2019 இறுதியில் மாநிலம் புகையற்றதாகிவிட்டதாக அறிவித்தது. ஆனால், அந்த அறிவிப்பு சமையல் எரிவாயு இணைப்பைக் குறித்தது. குளிர்காய மூட்டும் நெருப்பு அதன் கணக்கில் இல்லை.

நிலநடுக்கம் சொன்ன பாடம்: புகைபோக்கியால் வரும் மற்றோர் ஆபத்து அதன் எடை. 1905 ஏப்ரல் 4-ஆம் தேதி ஏற்பட்ட காங்ரா நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் உயிரிழந்தனர். சிம்லாவிலும் அதிர்வு உணரப்பட்டது. வைஸ்ராய் மாளிகையில் புகைபோக்கி ஒன்று கூரையைத் துளைத்து விழுந்ததாகவும், வைஸ்ராயின் மனைவி மேரி கர்சன் மயிரிழையில் தப்பியதாகவும் அக்காலச் செய்திகள் தெரிவித்தன. 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகையில்தான் இன்று இந்திய உயராய்வு நிறுவனம் இயங்குகிறது.

மலைநாட்டின் 'தஜ்ஜி' சுவர்கள், மரச் சட்டங்களுக்கிடையே கல்லும் மண்ணும் நிரப்பிக் கட்டப்படுபவை. நிலம் அதிரும்போது அவை சற்று வளைந்து கொடுக்கும். அவற்றின் நடுவே எழும் கனமான புகைபோக்கி வளையாது. எனவே, கூரையை ஒட்டிய இடத்தில் அது முறிகிறது. 2016-ஆம் ஆண்டின் நிலநடுக்கத் தர விதியில் சிம்லா, அதிக பாதிப்புக்குரிய 4-ஆம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சீரமைக்கும் முறை: முதல் வேலை, புகைவழியை முழுமையாகத் துடைப்பது. அடுத்து, விளக்கும் கண்ணாடியும் கொண்டோ, கயிற்றில் இறக்கும் சிறிய கேமராவைக் கொண்டோ உட்புறத்தைப் பார்ப்பது. பின்னர், மேல் முனையை மூடிவிட்டுக் கீழே புகை எழுப்பிச் சோதிப்பது. எந்தச் சுவரில் எங்கே புகை கசிகிறது என்பது இச்சோதனையில் தெரிந்துவிடும். அடுத்த வீட்டுப் படுக்கையறையில் புகை தோன்றினால், புகைவழிகளுக்கு இடையே உள்ள தடுப்பே அழிந்துவிட்டது என்று பொருள்.

கூரைக்கு மேலுள்ள பகுதி சாய்ந்தோ சாந்து இழந்தோ இருந்தால், உறுதியான வரிசை தென்படும் வரை மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கி, மீண்டும் கட்டுவதே நல்லது. பழைய மென்மையான செங்கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். கடினமான சிமென்ட் சாந்து ஈரத்தை வெளியேற விடாது. பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகமே பெயர்ந்துவிடும். சுண்ணாம்பு இறுக நாளாகும் என்பதால், மழைக்கு முந்திய மாதங்களிலோ, மழை முடிந்து உறைபனி தொடங்குவதற்குள்ளோ இப்பணியை முடித்தாக வேண்டும்.

அதன் பிறகே 'லைனர்' எனப்படும் உட்குழாய். சுட்ட களிமண் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அல்லது எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை மேலிருந்து இறக்கலாம். களிமண் குழாய்களைக் குவளை போன்ற வாய் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்க வேண்டும். இல்லையேல் உள்ளே வழியும் தார்நீர் இணைப்புகள் வழியே சுவருக்குள் இறங்கும். குழாய்க்கும் பழைய சுவருக்கும் இடையே வெப்பம் கடத்தாத இலேசான கலவையை நிரப்பினால், புகை குளிராமல் விரைந்து மேலேறும்.

செலவைக் குறைக்கத் துத்தநாகம் பூசிய தகரக் குழாயைப் பயன்படுத்துவோர் உள்ளனர். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தகரத்தையும் புகையின் அமிலம் சில ஆண்டுகளில் தின்றுவிடும். வெளியே தெரியாத இடத்தில் ஓட்டை விழுந்த குழாய், குழாயே இல்லாததைவிடப் பெரிய ஏமாற்றமாக முடியும்.

உயரமும் முக்கியம். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடிக்குக் குறையாமலும், 10 அடிச் சுற்றளவில் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி கூடுதலாகவும் புகைபோக்கி இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. அதே வேளையில், நிலநடுக்கப் பகுதியில் கல் கட்டுமானத்தைக் கூரைக்குக் கீழேயே முடித்துவிட்டு, மேலே இலேசான எஃகுக் குழாயை நீட்டுவது பாதுகாப்பானது. கணப்பைப் பயன்படுத்தவே போவதில்லை என்றாலும் மேலும் கீழும் காற்றுத் துளை விட வேண்டும். முழுவதும் அடைத்தால் சுவருக்குள் ஈரம் தேங்கும்.

சட்டம் எங்கே?: புகைபோக்கிகள், புகைவழிகள், கணப்புகள் ஆகியவற்றின் தீப் பாதுகாப்புக்கெனத் தனி இந்தியத் தர விதி 1960-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. ஐஎஸ் 1645 என்பது அதன் எண். ஆனால், தர விதிகள் தாமாகச் சட்டமாவதில்லை. மாநில அரசும் நகராட்சி அமைப்பும் தமது விதிகளில் சேர்த்து, ஆய்வுக்கு ஆளும் அமர்த்தினால்தான் அவற்றுக்கு உயிர் உண்டு. அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணைப்படி தீயணைப்புச் சேவை, உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்று. வாடகை உறவுகளோ மாநிலப் பட்டியலில் வருபவை.

ஹிமாசலத்தில் 1987-ஆம் ஆண்டின் நகர்ப்புற வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது. கட்டடம் வசிக்கத் தகுதியற்றதாகவோ பாதுகாப்பற்றதாகவோ ஆகிவிட்டாலும், காலி செய்யாமல் பழுதுபார்க்க முடியாது என்றாலும், வாடகைதாரரை வெளியேற்றக் கோர அச்சட்டத்தில் இடமுண்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புகைபோக்கி ஆபத்தான நிலையில் உள்ளது என்று எழுத்துமூலம் புகார் கொடுக்கும் வாடகைதாரர், தம்மை வெளியேற்றுவதற்கான காரணத்தைத் தாமே எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடலாம். பழுதுபார்ப்புக்குப் பின் மீண்டும் குடியேறும் உரிமை குறித்த ஹிமாசல வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை வந்து 2013-இல் தீர்ப்பானது. அத்தனை காலம் வழக்காட எல்லோராலும் இயலாது.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல்லாண்டுகளுக்கு முன் நிர்ணயித்த சொற்ப வாடகையை வாங்கிக்கொண்டு, சாரம் கட்டிப் புகைபோக்கியை இறக்கிக் கட்டும் செலவை ஏற்க அவர் தயங்குவது இயல்பே. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், கட்டுமானப் பழுதுகளை உரிமையாளருக்கும், குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சிறு பணிகளை வாடகைதாரருக்கும் பிரித்துத் தருகிறது. உட்குழாய் மாற்றுவது கட்டுமானப் பழுதா, ஆண்டுப் பராமரிப்பா என்று இரு தரப்பும் வாதிட அதிலும் இடம் இருக்கிறது. மேலும், அது மாதிரிச் சட்டமே; மாநிலங்கள் ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும்.

தொல்லியல் பாதுகாப்புக்கான 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கப்பட்டவற்றுக்கே பொருந்தும். மக்கள் குடியிருக்கும் சாதாரணப் பழைய வீடு அதன் வரம்புக்குள் வராது.

புது தில்லியில் எம்.பி.க்களும் அமைச்சர்களும் வசிக்கும் பழைய பங்களாக்கள் பலவற்றிலும் கணப்புகளும் புகைபோக்கிகளும் உள்ளன. அரசுக் குடியிருப்புகளான அவற்றைப் பராமரிக்க மத்தியப் பொதுப்பணித் துறை இருக்கிறது. பழுதானால் யாரிடம் சொல்வது என்ற ஐயம் அங்கே எழுவதில்லை. சிம்லாவின் வாடகை வீட்டுக்கும், முசௌரி, டார்ஜீலிங், நமது உதகமண்டலம் ஆகிய மலைநகரங்களின் பழைய வீடுகளுக்கும் அத்தகைய துறை இல்லை.

தீர்வுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. குளிர்காலத்துக்கு முன் ஆண்டுக்கொரு முறை புகைச் சோதனை, பழுதுச் செலவை உரிமையாளரும் வாடகைதாரரும் பகிர்ந்துகொள்ள மாநில விதியில் ஒரு வரி, பழுதைச் சொன்ன காரணத்துக்காக வெளியேற்றக் கூடாது என்ற பாதுகாப்பு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களுக்குப் பயிற்சி ஆகியவை போதும். அதுவரை, கூரைக்கு மேலே அசையாமல் நிற்கும் புகைபோக்கியின் கீழ், மூடிய அறையில் கரி அடுப்புடன் உறங்கும் குடும்பங்கள் பனிக்காலம் தோறும் இருக்கவே செய்யும்.