தியானத்தின்போது உணரப்படும் உடல்வலி

தியானம், யோகாசனம் ஆகியவற்றின்போது காயமோ நோயோ இல்லாமலே முதுகு, கழுத்து, முழங்கால் முதலிய இடங்களில் வலி தெரிவதுண்டு. அசையாமல் அமர்வதால் தசைகள் இறுகுவது ஒரு காரணம். அன்றாட வேலைகளுக்கிடையே கவனத்துக்கு வராத வலி, மனம் அடங்கியதும் புலப்படுவது மற்றொரு காரணம்.

சம்மணமிட்டு அமரும்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாகச் செல்லும் நரம்பு அழுந்துவதால் கால் மரத்துப்போகலாம். காலை நீட்டினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். மடித்த போர்வையின் மீதோ நாற்காலியிலோ அமர்வது நல்லது.

விபாசனா முறையில் உடல் உணர்வுகளை விருப்பு வெறுப்பின்றிக் கவனிப்பதே பயிற்சி. ஆயினும் நெஞ்சுவலி, நீங்காத மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க இயலாமை ஆகியவை கவனித்துக்கொண்டே பொறுத்திருக்க வேண்டியவை அல்ல. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.