கட்சி கட்டாத பந்தயம்

பந்தயம் என்றால் ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டும் என்றே நாம் பழகியிருக்கிறோம். குதிரையோ சேவலோ கிரிக்கெட்டோ, இவன் ஜெயிப்பான் என்று காசை வைக்கிறோம். வைத்த கையோடு அவன் நம்ம ஆளாகிவிடுகிறான். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தைச் சுற்றி நடக்கும் பந்தயங்களில் ஒன்று இந்த உறவை அறுத்துவிடுகிறது. ஜெயிப்பது யார், தோற்பது யார் என்பது அங்கே பேச்சே இல்லை. இரண்டு அணிகளும் சேர்ந்து மொத்தம் எத்தனை புள்ளி எடுக்கும் என்பதில்தான் பணம் இருக்கிறது. பந்தயக் கடை ஓர் எண்ணை எழுதிப் போடுகிறது, 44.5 என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டும் என்பவர் ‘ஓவர்’ கட்டுகிறார்; தாண்டாது என்பவர் ‘அண்டர்’ கட்டுகிறார். அவ்வளவுதான் விஷயம். பார்வையாளன், பண்டம், உடல் என்று நாம் சலிக்காமல் எழுதிவரும் சொற்களை இந்தச் சின்ன விஷயத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கணக்கு. கால்பந்து என்று பெயரே தவிர, இந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. உதைக்காமல் ஓடியோ எறிந்தோ மறுபடி உள்ளே நுழைந்தால் 2. டச்டவுன் இல்லாமல் தூரத்திலிருந்து உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. ஆக, புள்ளிகள் படிப்படியாக ஏறுவதில்லை. மூன்றும் ஏழுமாகத் தாவுகின்றன. அதனால் மொத்தமும் எல்லா எண்களிலும் ஒரே மாதிரி வந்து விழுவதில்லை. 41, 44, 51 போன்ற சில எண்களில் அடிக்கடி நிற்கும். அந்த அரை எதற்கு என்று கேட்கலாம். மொத்தம் சரியாகக் கோட்டிலேயே வந்து நின்றுவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கடைக்கு வரும்படி கிடையாது. மைதானத்தில் எந்த மனிதனாலும் எடுக்க முடியாத அரைப் புள்ளியை வைத்து அந்த ஓட்டையை அடைக்கிறார்கள்.

கடையின் வரும்படி இன்னும் சுவாரஸ்யமானது. 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும் என்பது வழக்கமான விலை. மேலே ஒருவர், கீழே ஒருவர் கட்டினால் கடைக்கு வந்தது 220. ஜெயித்தவருக்குப் போவது 210. மீதி பத்து கடையில் தங்கிவிடுகிறது. கட்டுகிறவர் நூற்றுக்கு 52.4 தடவையாவது சரியாகச் சொன்னால்தான் முதலுக்கு மோசமில்லை. காசைச் சுண்டிப்போட்டு முடிவெடுத்தால் 50தான் வரும். அந்த இரண்டே சொச்சத்துக்குள் எத்தனை பேர் வீட்டுக் காசு போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓவர் பக்கம் பணம் குவிந்தால் கடை எண்ணை 45.5, 46 என்று ஏற்றும். ஆகவே இந்த எண்ணை ஆட்டத்தைப் பற்றிய ஜோசியமாக மட்டும் படிக்க முடியாது. பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. கடை எப்போதும் நடுநிலை என்று சொல்வதும் கதைதான்: தொடர்ந்து ஜெயிக்கிற ஆளுக்கு இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்று வரம்பு வைத்துவிடும்.

2024 பிப்ரவரி 11 அன்று லாஸ் வேகாஸில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் சான்ஃப்ரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸும் மோதின. கோடு கடைக்குக் கடை 47, 47.5 என்று நின்றது. நான்காவது பாகத்தில் ஃபார்ட்டி நைனர்ஸின் டச்டவுனுக்குப் பிந்தைய உதை தடுக்கப்பட்டு ஒரு புள்ளி போயிற்று. குறித்த நேரத்தில் ஆட்டம் 19க்கு 19, மொத்தம் 38. கூடுதல் நேரத்தில் ஃபார்ட்டி நைனர்ஸ் 3 எடுத்தார்கள். சீஃப்ஸ் டச்டவுன் போட்டு 25க்கு 22 என்று கோப்பையைத் தூக்கினார்கள். கூடுதல் நேரத்தில் ஜெயித்துவிட்ட டச்டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளி உதை கிடையாது. ஆக மொத்தம் 47. 47.5இல் அண்டர் கட்டியவர் ஜெயித்தார்; ஓவர் கட்டியவர் தோற்றார்; 47இல் கட்டியவருக்குக் காசு திரும்பியது. சீஃப்ஸின் ரசிகனாக இருந்துகொண்டு ஓவர் கட்டிய ஒருவனை நினைத்துப் பார்க்கிறேன். தன் அணி உலகத்தையே ஜெயித்த கணத்தில் அவன் தோற்றுப் போகிறான்.

இந்தக் கணம்தான் எனக்கு முக்கியம். கோட்டும் துணியும் தம் குணங்களை இழந்து மதிப்பாக மட்டும் எதிரெதிரே நிற்பதைப் பற்றி மார்க்ஸ் சொல்கிறாரே, இங்கே எதிரிகள் இருவரின் ஓட்டமும் அடியும் தம் எதிர்மையை இழந்து ஒரே கூட்டல் கணக்கில் கரைகின்றன. (எல்லாவற்றுக்கும் மார்க்ஸை இழுக்கிறாயே என்று சில நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும்.) கீ தெபோர் 1967இல் காட்சிச் சமூகத்தைப் பற்றி எழுதியபோது பார்வையாளன் வெறுமனே வாய்பிளந்து பார்ப்பவன். மொத்தத்தில் பணம் கட்டியவன் அப்படிப் பார்ப்பதில்லை. அவன் பங்குதாரன் மாதிரி பார்க்கிறான். தொழிலாளி எந்த ஆலைக்காரன், யார் பெற்ற பிள்ளை என்பது அவனுக்கு எதற்கு? உற்பத்தி கோட்டைத் தாண்டுமா தாண்டாதா, அதைச் சொல்லு என்கிறான்.

உற்பத்தி செய்வது உடல்கள். கோட்டை எழுதுகிறவர் காற்றின் வேகம், மூடிய மைதானமா திறந்ததா, அணி எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதோடு எவனுக்கு முழங்கால் போயிருக்கிறது என்பதையும் பார்க்கிறார். அந்தத் தகவலை என்.எஃப்.எல். அமைப்பே வெளியிடுகிறது. 1946 இறுதி ஆட்டத்தில் ஆட்டக்காரர்களுக்கு லஞ்சம் கொடுக்கும் முயற்சி அம்பலமானதை அடுத்து, 1940களின் பிற்பகுதியில் வந்த ஏற்பாடு அது. உள்ளே இருப்பவன் மட்டும் தெரிந்துகொண்டு பந்தயம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகக் காயம் ஊரறியப் பிரசுரமாகிறது. ஆட்டக்காரனின் வலியைப் பற்றி இவ்வளவு ஒழுங்காக வாராவாரம் எழுதப்படும் ஆவணம் இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில், பஃபலோ பில்ஸ் அணியின் டமர் ஹாம்லின் ஒரு மோதலுக்குப் பிறகு எழுந்து நின்றார், மறுநொடி சாய்ந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். முதல் பாகம், 7க்கு 3. ஆட்டம் நிறுத்தப்பட்டு, பின்னர் ரத்தாயிற்று. குறைந்தது 55 நிமிடம் ஆடியிருந்தால்தான் மொத்தத்தின் மேல் கட்டிய பந்தயம் செல்லும் என்பது பெரும்பாலான கடைகளின் விதி. ஆகவே 10 என்ற மொத்தம் எதற்கும் ஆகாத எண்ணாயிற்று. பணம் திருப்பித் தரப்பட்டது. ஹாம்லின் பிழைத்து அதே ஆண்டில் மறுபடி ஆட வந்தார். எனக்கு உறைத்தது அந்த விதிதான். ஒரு மனிதன் சரிவதை அது முன்பே எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் மழைக்கும் மின்வெட்டுக்கும் போலவே அதற்கும் பொருந்திப் போயிற்று.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. நெவாடா போன்ற ஓரிரு இடங்கள் தவிர மற்ற மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தை 1992இன் கூட்டாட்சிச் சட்டம் தடுத்துவைத்திருந்தது. அந்தத் தடையைக் காப்பாற்ற நியூஜெர்சிக்கு எதிராக வழக்காடியவர்களில் என்.எஃப்.எல்.லும் ஒன்று. 2018 மே 14 அன்று உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. 2021இல் அதே அமைப்பு சீசர்ஸ், டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் மூன்றையும் அதிகாரபூர்வப் பந்தயக் கூட்டாளிகளாக்கிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், மனநலம் கருதி ஆட்டத்திலிருந்து ஒதுங்கியிருந்த அட்லாண்டா ஆட்டக்காரர் கால்வின் ரிட்லி பந்தயம் கட்டினார். தான் கட்டியது 1,500 டாலர் என்றார் அவர். 2022 முழுக்க அவருக்கு ஆட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. முதலாளி கடை போடலாம். கூலிக்காரன் அந்தக் கடையில் சாமான் வாங்கக் கூடாது.

கோடு போடும் வேலை மைதானத்தோடு முடிவதில்லை. தலையில் பட்ட அடிகளால் மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு நஷ்டஈடு தரும் ஒப்பந்தம் 2015இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. யாருக்கு மறதிநோய், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய நினைவுத் தேர்வுகள் வைத்தார்கள். மதிப்பெண்ணைத் திருத்தும் முறையில் கறுப்பர்களுக்கு ஒரு கோடு, வெள்ளையர்களுக்கு ஒரு கோடு. கறுப்பரின் அறிவாற்றல் ஆரம்பத்திலேயே குறைவு என்று எடுத்துக்கொண்டால், அதே மதிப்பெண் வாங்கிய வெள்ளையருக்கு நோய் என்று வரும்; கறுப்பருக்கு ‘இது உனக்கு இயல்புதானே’ என்று வரும். ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நஜே டாவன்போர்ட், கெவின் ஹென்றி என்ற இரு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூனில் இந்த முறையைக் கைவிடுவதாக என்.எஃப்.எல். அறிவித்தது. அதுவரை கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டவர்களின் மதிப்பெண்களை எடுத்து மறுபடி எண்ணும் வேலை அதன்பிறகுதான் ஆரம்பமாயிற்று.