பந்தயச் சாரதியும் கையொப்பமும்

பெரியோரைக் கண்ணாரக் காணவேண்டும் என்னும் அவா மக்களுக்கு இயல்பாக அமைந்தது. நம் தமிழகத்தில் இவ்வவா ஓர் இலக்கிய வகையாகவே வடிவெடுத்தது. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் குணத்தையும் எடுத்துரைத்து அவனை அங்கே செலுத்துவது ஆற்றுப்படை எனப்படும். சிற்றாற்றங்கரையிலுள்ள வீரகேரளம்புதூர் இவ்வழக்கிற்குப் பிற்காலச் சான்றாக விளங்குவது. ஊற்றுமலை ஜமீன்தாராகிய இருதயாலய மருதப்பத் தேவரின் அரண்மனை அவ்வூரில் இருந்தது. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அவரால் ஆதரிக்கப்பெற்றவர், டாக்டர் உ. வே. சாமிநாதையரும் அவரைக் கண்டு அளவளாவியவர். அக்காலத்துப் புலவர் பாட்டொன்று கொடுத்துப் பரிசில் பெற்று மீண்டனர். இக்காலத்து இளைஞர் சிறு புத்தகமொன்றை நீட்டிக் கையொப்பம் பெற்று மீள்கின்றனர். கொடுப்பதும் கொள்வதும் மாறினவேயன்றி அவா மாறிற்றில்லை.

இங்ஙனம் நாடப்பெறுவோருள் மோட்டார்ப் பந்தயச் சாரதிகள் ஒரு தனி வகையினர். அவர்களைக் காண்பதில் உள்ள தனித்தன்மை யாது, அச்சந்திப்பினால் பெறத்தக்கது யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

தென்பாண்டி நாட்டில் கோயில் கொடைகளையொட்டி நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயத்தை நம்மவருள் அறியாதார் இலர். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என வகுத்து ஓட்டும் அப்பந்தயத்தில் சாரதியின் முகமும் குரலும் வழிநெடுக நிற்போர்க்கு நன்கு புலனாகும். மோட்டார்ப் பந்தயமோ அத்தகையதன்று. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய டான் கர்னி முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தை அணியத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஏனையோரும் அதனையே மேற்கொண்டனர். 2018 முதல் பார்முலா 1 வண்டிகளில் சாரதியின் தலையைச் சூழ்ந்து ஒரு காப்பு வளையமும் பொருத்தப்பட்டுள்ளது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடந்து செல்லும் ஒருவரைத் தலைக்கவசத்தின் வண்ணங்கொண்டே அடையாளம் காண்கிறோம். கிரிக்கெட் ஆட்டக்காரரின் புன்னகையையும் சோர்வையும் நாள் முழுவதும் பார்த்திருக்கலாம். பந்தயச் சாரதியின் முகத்தை அவர் வண்டியைவிட்டு இறங்கிய பின்னரே காணவியலும். ஆதலின் அவரை நேரிற் காணும் அரை நிமிஷம் அபிமானிக்கு ஒரு கண்டுபிடிப்பைப் போன்றது; கவசத்துள் இருப்பவர் நம்மைப்போன்ற ஒரு மனிதர் என்பதை அவன் அப்பொழுதே உணர்கிறான்.

நம் மாகாணத்தில் இப்பந்தயம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில், 1953-இல் நிறுவப்பெற்ற சென்னை மோட்டார்ப் பந்தயக் கழகத்தார் ஆண்டுதோறும் நடத்திய போட்டிகளுக்குத் திரளான மக்கள் சென்றனர். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை அமைந்தது. பந்தய வண்டிகளை இங்கேயே கட்டிய எஸ். கரிவரதன் கோயம்புத்தூர்க்காரர், அவர் 1995-இல் விமான விபத்தில் காலமானார். அந்நகரத்தவரே நரேன் கார்த்திகேயன். அவருடைய தந்தையாரும் மோட்டார்ப் போட்டிகளிற் பெயர்பெற்றவர். 1996-இல் பார்முலா ஆசியா வெற்றி வீரராகி, 2005-இல் ஜோர்டான் குழுவின் வாயிலாகப் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமையை நரேன் எய்தினார். அவ்வாண்டு இண்டியானாபொலிசில், சக்கர உறைகளைப் பற்றிய அச்சத்தினால் 14 வண்டிகள் விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறனுள் அவர் நான்காவதாக முடித்தார். சென்னையிற் பிறந்த கருண் சந்தோக் 2010-இல் அவரைப் பின்தொடர்ந்தார். 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சூழ்ந்த வீதிகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது.

இனி, சாரதியைச் சந்திக்கும் முறைகளைக் கூறுவோம். பெரும் பந்தயங்களில் வண்டிகள் நிற்கும் கொட்டகைகளின் பின்புறம் சிறப்பு அனுமதிச் சீட்டு உடையார்க்கே உரியது. ஏனையோர்க்கெனக் குழுவினர் குறித்த நேரத்தில் சாரதிகளை மேசையருகே அமர்த்திக் கையொப்பமிடச் செய்வர். அவர்தம் படம் அச்சிட்ட அட்டைகளையும் வழங்குவர். இண்டியானாபொலிஸ் 500 என்னும் பந்தயத்திற்கு முன்னாள், ஓட்டவிருக்கும் 33 சாரதிகளும் பொதுமக்களுக்குக் கையொப்பமிட அமர்வது வழக்கம். நம் நாட்டுப் போட்டிகளிற் கூட்டம் குறைவாதலின், பணிவுடன் அணுகுவோர்க்குச் சந்திப்பு எளிதிற் கைகூடும். விடுதி வாயிலிற் காத்திருத்தலும் வண்டியைத் தொடர்ந்து ஓடுதலும் சிலர் கைக்கொள்ளும் வழிகளே. அவை இருபாலார்க்கும் இடையூறு விளைப்பன.

சாரதியர் தாமே முறையைக் கடந்து மக்களிடம் வந்ததும் உண்டு. 2013 அக்டோபர் 27-இல் டெல்லிக்கருகிலுள்ள புத்தா பந்தயப் பாதையில் வென்று நான்காம் முறை உலக வெற்றி வீரரான செபாஸ்டியன் வெட்டல், விதிப்படி நேரே நிறுத்துமிடஞ் செல்லாமல், மக்கள் அமர்ந்திருந்த மேடைக்கெதிரே வண்டியை வட்டமிட்டுச் சுழற்றினார். இறங்கி அதன்முன் மண்டியிட்டார். தம் கையுறைகளைக் கூட்டத்தினுள் எறிந்தார். இதற்காக அவர் குழுவினர் 25,000 யூரோ அபராதம் செலுத்த நேர்ந்தது. அவ்வபராதத்தை மறந்தவரும் அக்காட்சியை மறவார்.

இச்சந்திப்புக்களுக்கு ஆழம் தருவது மற்றொன்று. மற்ற ஆட்டங்களில் தோல்வியே பெருந்துயர். இதிலோ உயிரே பணயம். அயர்டன் சென்னா 1994 மே 1-ஆம் நாள் இமோலாவில் நிகழ்ந்த விபத்தினால் உயிர் நீத்தார். இது தொலைநாட்டுச் செய்தி என்று எண்ணற்க. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையிலேயே, 59 வயதினரும் பல்லாண்டு அனுபவம் உடையவருமாகிய கே. இ. குமார் போட்டியின்போது நிகழ்ந்த விபத்தில் மாண்டார். காலையிற் கையொப்பமிட்ட கரம் மாலையில் அசைவற்றுப்போதல் கூடும். அத்தகையார் ஒருவரது எழுத்து நம் புத்தகத்தில் இருக்குமாயின், அது வெறும் மை அன்று. அவர் நம்பொருட்டு ஒரு கணம் நின்றார் என்பதற்குச் சாட்சி.

அவ்வொரு கணத்தால் விளையும் நன்மைக்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2017-இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் கிமி ரைக்கொனன் முதற் சுற்றிலேயே விபத்துற்று விலகினார். மேடையிலிருந்த சிறுவன் ஒருவன் தேம்பி அழுததைத் தொலைக்காட்சி உலகெங்கும் காட்டிற்று. பெராரி குழுவினர் அவனைத் தேடியழைத்துச் சென்றனர். பேச்சுக் குறைந்தவர் என்று பெயர்பெற்ற அச்சாரதி அவனுடன் நின்று தொப்பியொன்றையும் தந்தார். அழுத முகம் மலர்ந்தது. மற்றொன்று 1995-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மக்லாரன் குழுத் தலைவர் ரான் டென்னிசிடம் கையொப்பம் கேட்டு, ஒருநாள் தங்கள் வண்டியை ஓட்ட விரும்புகிறேன் என்றான். அவர் நகைத்து ஒதுக்கினாரில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தம்மை அழைக்குமாறு அப்புத்தகத்தில் எழுதினார். 1998-இலேயே அக்குழு அவனை ஆதரித்து ஏற்றது. அவரே 2008-இல் உலக வெற்றி வீரராகி, மொத்தம் ஏழு முறை அப்பட்டத்தை எய்திய லூயிஸ் ஹாமில்டன். அவர் கையொப்பத்தோடு நில்லாமல் தம் கருத்தையும் வெளியிட்டமையே பயன் தந்தது என்பதை மாணவர் ஊன்றி நோக்குக.

கையொப்பத்திற்கு விலையுண்டோ எனின், உண்டு. காந்தியடிகள் ஐந்து ரூபாய் பெற்றுக்கொண்டே கையொப்பமிட்டு, அப்பணத்தை ஹரிஜன நிதியிற் சேர்த்தார். தமிழெழுத்திலும் தம் பெயரை எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவ்விலை அறத்தின்பாற்பட்டது. இக்காலத்து வாணிகமோ வேறு. கையொப்பத்தை வாங்கி அன்றே விற்போர் பலராயினர், போலிகளும் பெருகின. பெராரி நிறுவனத்தின் தலைவராயிருந்த என்சோ பெராரி ஊதா மையினாலேயே எழுதிவந்தார் என்பதை அறிந்தோர், அம்மையைக்கொண்டே பொய்க் கையெழுத்திடுதல் அரிதன்று. விற்க எண்ணுவோன் வெறுங் கையொப்பத்தையே வேண்டுவன். உண்மை அபிமானி தன் பெயரையும் சேர்த்து எழுதுமாறு வேண்டுவன். பிறர் பெயர் பொறித்த பொருளைக் கொள்வோர் சிலராதலின், இதனால் இருவரையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

அபிமானம் வரம்பு கடத்தலும் கூடாது. நடிகரும் சாரதியுமாகிய அஜித் குமாரின் குழு 2025 ஜனவரியில் துபாய் 24 மணிப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, அவரைக் காணத் தமிழர் பெருந்திரளாகக் கூடினர். தம்மை வாழ்த்துவதோடு நில்லாமல் தத்தம் வாழ்வையும் கவனிக்குமாறு அவர் அவர்களுக்குக் கூறியது போற்றத்தக்கது. 2011-இலேயே தம் பெயரால் இயங்கிய ரசிகர் மன்றங்களைக் கலைத்தவர் அவர்.

ஆகவே, மாணவ நண்பர்காள்! புகழ்பெற்ற சாரதி ஒருவரைக் காண நேருமாயின், போட்டிக்கு முன்னர் அவர் மனம் ஒருமுகப்பட்டிருக்கும் வேளையை விலக்குக. வரிசையில் நிற்க. பெயரைச் சொல்லிப் பணிவுடன் வேண்டுக. அவர் மறுத்தால் வருந்தாது விலகுக. இயலுமாயின் ஒரு வினாவைச் சிந்தித்து எடுத்துச் செல்க. இத்தொழிலை எங்ஙனம் கற்றீர், மழையில் எவ்வாறு ஓட்டுகிறீர் என்று கேட்பவனை அவர் நினைவில் வைத்தல் கூடும். மை காலப்போக்கில் மங்கும். அவர் சொல்லிய விடை மங்காது. ஆற்றுப்படையிற் பரிசில் பெற்றவன் தான் பெற்றதைப் பிறர்க்கும் வழிகாட்டினான். வீரகேரளம்புதூர் போன்ற ஊர்களிலிருந்து அத்துறையை நாடும் இளைஞனுக்கு அவ்விடையை எடுத்துரைப்பதே நாம் செய்யத்தக்க வழிகாட்டலாகும்.