கடைசி பெஞ்சுப் பிள்ளை மக்குதானா?

(நமது பகுதி நிருபர்)

திருப்பதி ரயில் நிலையத்துக்கு வெளியே சிறிய டிபன் கடை நடத்தும் அன்பர் ஒருவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். பிழைப்புத் தேடி இங்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகனுக்கு வயது 12. ஏழாம் வகுப்பில் படிக்கிறான். மாலை வேளைகளில் கடையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக நிற்பான்.

பையன் படு சூட்டிகை. நான்கு பேர் சாப்பிட்ட கணக்கை மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவான். சப்தகிரி எக்ஸ்பிரஸ் எந்த வழியாக வருகிறது என்று கேட்டால் அரக்கோணம், திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஆனால் பிளாட்பாரத்தில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதி வைத்திருக்கும் ஊர்ப் பெயரில் ஒன்றைக்கூட அவனால் படிக்க முடியாது.

"படிப்பு ஏறலைங்க சார். வாத்தியாரு மக்குன்னுட்டாரு. தமிழ்ப் பிள்ளைக்குத் தெலுங்கு எப்படி வரும்? அடுத்த வருஷம் கடையிலேயே நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்று சென்ற ஆண்டு அந்தத் தகப்பனார் என்னிடம் சொன்னார்.

இது ஒரு கடைக்காரரின் கவலை மட்டும் அல்ல. திருப்பதியிலும் சித்தூரிலும் ஓட்டல், கட்டட வேலை, ஆபீஸ் உத்தியோகம் என்று குடியேறிய நம்மவர் வீடுகள் பலவற்றில் கேட்கும் பேச்சுதான். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் இரண்டானாலும் நம் பிள்ளைகளின் நிலை ஒன்றுதான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு அல்லது ஆங்கிலம். அதனால் பிள்ளை படிப்பில் பின்தங்கினால் பழியை மொழியின் மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம்.

மொழியா, குறைபாடா?

மொழியால் வரும் சிரமம் உண்மைதான். தமிழில் ஒரே 'க' எழுத்துதான். தெலுங்கில் அதே வரிசையில் நான்கு எழுத்துகள். ச, ட, த, ப வரிசைகளிலும் அப்படியே. தமிழ் பேசும் பிள்ளை ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றி எழுதுவது இயல்பு. தெலுங்குப் பிள்ளைகளோடு பழகப் பழக இந்தத் தவறுகள் குறைந்துகொண்டே வரும். இதற்காகப் பிள்ளையை மக்கு என்பது நியாயம் அல்ல.

ஆனால் ஆண்டுகள் பல ஆன பின்னும் தெலுங்கும் வரவில்லை, வீட்டில் சொல்லிக் கொடுத்த தமிழும் வரவில்லை என்றால் என்ன பொருள்? நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் விழிக்கிறான், வரியைத் தவறவிடுகிறான், எழுத்துகளை இடம் மாற்றி எழுதுகிறான், ஆனால் கதையைக் காதால் கேட்டால் அழகாகத் திருப்பிச் சொல்கிறான், வாய்க்கணக்கும் வருகிறது. அப்போது மொழியைக் குறை சொல்வதில் பயன் இல்லை. டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். இதற்கும் அறிவுக் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை. பெற்றோர் வளர்த்த முறையாலும் இது வருவது இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரனான அவனுக்கு எழுத்து மட்டும் பிடிபடவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. டிபன் கடைப் பையனைப் பார்த்தபோது எனக்கு இந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது. 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தின் கதையும் இத்தகைய ஒரு சிறுவனைப் பற்றியதே.

முதலில் கண்ணும் காதும்

எந்த முடிவுக்கும் வருமுன் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்துவிட வேண்டும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் காதில் விழுவதே இல்லை. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கரும்பலகை வெறும் கறுப்பாகத் தெரியும். ஒரு கண்ணாடியோடும் சில வாரச் சிகிச்சையோடும் தீர வேண்டிய தொல்லைக்காகப் படிப்பையே இழந்தவர்கள் உண்டு.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவக் குழுவினர் வந்து சோதிக்க வேண்டும். அவர்கள் கவனிக்க வேண்டிய பட்டியலில் பார்வை, செவித்திறன் ஆகியவற்றோடு கற்றல் குறைபாடும் இருக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

வகுப்பில் செய்யக்கூடியவை

இத்தகைய பிள்ளைகளுக்கு உதவ லட்சக்கணக்கில் செலவு வேண்டியது இல்லை. ஆசிரியரின் மனமும் சில பழக்கங்களும் போதும்.

காது மந்தமான பிள்ளையை முன் வரிசையில் அமர்த்த வேண்டும். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேச வேண்டும். உதட்டசைவைக் கொண்டே பாதியைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் அவர்கள். பார்வை குறைந்த பிள்ளைக்கு நல்ல வெளிச்சமும் பெரிய எழுத்தும் தேவை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைச் சொல்லித் தர வேண்டும்.

வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளையை எழுப்பி, நாற்பது பேர் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது. கேள்வியை ஆசிரியரோ பக்கத்துப் பிள்ளையோ படித்துக் காட்டிப் பதிலை வாயால் சொல்ல வைக்கலாம். விஞ்ஞானப் பாடத்தில் விஷயம் சரியாக இருந்தால் எழுத்துப் பிழைக்காக மார்க் குறைக்க வேண்டாம்.

எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் உச்சரித்து, விரலால் வரைந்து பழகும் முறை நல்ல பலன் தருவதாக ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்துத் தந்த வழி இது. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் 'அ', 'ஆ' எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான். வீட்டில் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பித் தாய்மார்களே செய்யலாம். தினம் கால் மணி நேரம் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை 21 வகைகளாக விரித்துக் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. இந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. கற்றல் குறைபாட்டைக் காலத்தோடு கண்டுபிடித்து உரிய உதவி செய்வது பள்ளியின் கடமை என்கிறது அது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு.

வெளி மாநிலத்துத் தமிழர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத உதவியாளர் ஆகியவற்றோடு, இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு அளிப்பதையும் இச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று என்று மூன்று நான்கு எழுத்து முறைகளுக்கு நடுவே தவிக்கும் நம் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது. சான்றிதழ் வேண்டும். 2018-இல் வெளியான மத்திய அரசு விதிகள் கற்றல் குறைபாட்டுச் சான்றுக்கு 8 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றன. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும்போது ஓடுவதைவிட, ஐந்தாறு வகுப்பிலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

எங்கே போவது?

முதலில் தலைமையாசிரியரைப் பார்த்து எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஆந்திராவில் மண்டல அளவில் 'பவித' மையங்கள் உள்ளன. அங்கு இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வருகிறார்கள். சான்றிதழை இங்கே 'சதரம்' என்கிறார்கள். அரசு மருத்துவமனையின் பரிசோதனைக்குப் பிறகே அது கிடைக்கும்.

காது கேளாத பிள்ளைகளுக்குத் திருப்பதியில் தேவஸ்தானம் தனிப் பள்ளி நடத்துகிறது. கை கால் குறைபாடுகளுக்குத் தேவஸ்தானத்தின் 'பர்ட்' மருத்துவமனை உள்ளது. தமிழில் பேசி விளக்கம் கேட்க விரும்புவோர் காட்பாடி வழியாக வேலூர் செல்லலாம். அங்கு சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாகாயத்தில் உள்ள அதன் 'நம்பிக்கை நிலையம்' பெற்றோருக்கும் சேர்த்தே பயிற்சி தருகிறது.

ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்வை முற்றும் இழந்தோர், மனவளர்ச்சி குன்றியோர், துணையின்றிச் செல்ல இயலாத கை கால் குறைபாடு உள்ளோர் ஆகியோருக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. கவுன்ட்டருக்கு வந்து முழுக் கட்டணம் செலுத்திவிட்டுப் போகும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. உரிய சான்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.

டிபன் கடைப் பையன் கதைக்கு வருவோம். கண், காது இரண்டிலும் குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். பவித மைய ஆசிரியை பள்ளிக்கு வந்து, கேள்விகளை வாயால் கேட்டார். வரலாற்றுப் பாடத்தில் பத்துக்கு எட்டுக்குச் சரியான பதில் சொன்னான். வகுப்பாசிரியரே வியந்து போனாராம். மறுநாள் அவனைக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் அழைத்து உட்கார வைத்தார். சான்றிதழுக்காக இன்னும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அவன் சரளமாகப் படிக்கத் தொடங்கிவிட்டான் என்று சொன்னால் அது பொய். ஒரு வரிக்கு இன்னமும் நேரம் பிடிக்கிறது. ஆனால் சென்ற வாரம் பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, பலகையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, "தி-ரு-ப-தி... சரிங்களா மாமா?" என்று கேட்டான். பின்னால் நின்ற தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. கடையில் நிறுத்திக்கொள்ளும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவும் இல்லை.