உங்களுக்குத் தெரியுமா? ஒரே கம்பு, ஊருக்கு ஊர் வேறு சத்து!

ஒரே கம்பு விதையை இரண்டு ஊரில் விதைத்தால், மணியில் சேரும் இரும்புச் சத்து ஒன்றாக இருக்காது. மண்வாகு அதை மாற்றிவிடும்.

● புதிய கம்பு ரகங்களுக்கு 2018-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வைத்த அளவுகோல்: கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பு, 32 மில்லிகிராம் துத்தநாகம்.

● சோளத்துக்கோ மழை வரும் நேரமே உயிர். கதிர் முற்றும்போது மழை பிடித்தால் பூஞ்சணம் பூத்து மணி கறுக்கும். விரலால் நசுக்கினால் மாவாய் உதிரும். விலையும் விழும்.

● மழை ஓய்ந்தபின் முற்றும் மகாராஷ்டிர மங்கள்வேடா சோளத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு.

● ஒரே தேனி மாவட்டத்திலும் ஊருக்கு ஊர் நிலம் வேறு: முல்லைப் பெரியாறு பாயும் பழனிசெட்டிபட்டி நெல் பூமி. கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரிக் காடு.

சிறுதானியம் வாங்கும்போது எந்த ஊர், எந்தப் பட்டம் என்று கேட்டு வாங்குங்கள்.