கற்பிட்டிக் கரையில் குடிநீர்: குடம் சுமப்பவருக்குக் கணக்கிலும் பங்கு வேண்டும்

கற்பிட்டிக் குடாநாட்டில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் ஒரு தாயாரிடம், இங்கு வந்த கதையைக் கேட்டேன். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது வந்தவர்களில் அவரும் ஒருவர். வீடு, நகை, உடுப்பு என்று தொடங்குவார் என நினைத்தேன். அவர் தண்ணீரில் தொடங்கினார்.

"மன்னாரிலயிருந்து வள்ளத்தில வந்து இறங்கினோம் மகள். முதல்ல கேட்டது தண்ணிதான். ஊர்ச் சனம் வாளியோட கொண்டுவந்து தந்தாங்க. பிறகு பிறகுதான் கிணத்தடியில சண்டை."

கொடுத்தவர்களும் கெட்டவர்கள் அல்லர், கேட்டவர்களும் கெட்டவர்கள் அல்லர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 பேரில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். ஒரு ஊருக்கென்று இருந்த கிணறுகளில் இரண்டு ஊர் அள்ள நேர்ந்தது. விடியுமுன் வரிசையில் நின்றவர்களும், வாய்ப்பேச்சு வாங்கியவர்களும் பெரும்பாலும் பெண்களே.

மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது?

கற்பிட்டி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் சூழ்ந்த ஒடுங்கிய மணல் நிலம். இங்கு ஆறு இல்லை. பெய்யும் மழை மணலூடாக இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் நாம் அள்ளுகிறோம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயுள்ள உப்புநீரும் அதே கணக்கில் மெல்ல மெல்ல மேலேறும். பெரிய மோட்டார் பூட்டி ஒரே இடத்தில் நாள் முழுவதும் இறைத்தால் கிணறு உவர்ப்பது இதனால்தான்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் பசளையின் ஒரு பகுதியைப் பயிர் எடுக்கிறது. மிகுதி, பாய்ச்சும் தண்ணீரோடு மணலில் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது சேரும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1980களில் நடந்த ஆய்வுகளே சுட்டிக்காட்டின. உலக சுகாதார ஸ்தாபனம் குறித்துள்ள எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

இங்கேதான் நமது சிக்கல் இருக்கிறது. இடம்பெயர்ந்து வந்த பல பெண்களின் அடுப்பு எரிந்தது இதே தோட்டங்களின் நாட்கூலியில்தான். பகலில் பசளை தூவிய கை மாலையில் அதே நிலத்துத் தண்ணீரை அள்ளுகிறது. தோட்டத்தை மூடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பசளையை ஒரே தடவையில் கொட்டாமல் சிறுகச் சிறுகப் பிரித்து இடலாம், தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சாமல் விடலாம். இதனால் பசளைச் செலவும் குறையும்.

பாலூட்டும் தாய்மார் கவனிக்க

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நைத்திரேற்று மிகுந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலு குறைந்து குழந்தையின் உதடும் தோலும் நீலம் பாரிக்கலாம். அப்படிக் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒரு முக்கியமான விடயம்: கொதிக்க வைப்பதால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். துணியில் வடித்தாலும் போகாது. ஆகவே முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு. மாப்பால் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், பரிசோதித்து நல்லதென அறிந்த நீரையே கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள். உங்கள் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கேட்கும்போது "கிருமி மட்டுமல்ல, நைத்திரேற்றும் பார்க்க வேண்டும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

யார் பொறுப்பு?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் பிரதேச சபையிடம் ஒப்படைத்துள்ளது. பெரிய குழாய்நீர்த் திட்டங்களைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நடத்துகிறது. கிராம மட்டத்தில் மக்களே சங்கம் அமைத்து நடத்தும் திட்டங்களும் உண்டு. அவற்றுக்கு உதவவென 2014இல் ஒரு தனித் திணைக்களம் அமைக்கப்பட்டது. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்திலும் வீட்டோடு குடிநீரும் மலசலகூடமும் சேர்க்கப்பட்டிருந்தன.

குழாய் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அன்றுதான் வேலை தொடங்குகிறது. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 100 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் மின்கட்டணம் 18,000 ரூபா, இயக்குபவரின் கொடுப்பனவு 12,000, குளோரின் 2,000, திருத்த வேலைக்கான சேமிப்பு 8,000. மொத்தம் 40,000 ரூபா. ஒரு வீட்டுக்கு 400.

முப்பது வீடுகள் காசு கட்டாவிட்டால் 12,000 ரூபா குறையும். முதலில் கைவைப்பது சேமிப்பில், அடுத்தது குளோரினில். அப்போதும் 2,000 போதாது, மின்கட்டணம் நிலுவையாகும். சில மாதங்களில் மோட்டார் பழுதாகும்போது பெட்டியில் ஒன்றும் இருக்காது. பிறகு பவுசர் வரும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் சென்ற ஒரு சங்கத்தில் இதுவே நடந்தது. நிர்வாகக் குழுவில் எல்லோரும் ஆண்கள். காசு கட்டாத வீடுகளின் பெயரைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். கணவனை இழந்த ஒரு சகோதரி கூட்டத்தின் பின்வரிசையில் எழுந்து, "ஆர் கட்டல்ல எண்டு எங்களுக்குத் தெரியும். ஏன் கட்டல்ல எண்டும் தெரியும்" என்றார். விசாரித்துப் பார்த்ததில் பாதிப் பேர் தினக்கூலிகள். மாத முடிவில் 400 ரூபா ஒன்றாக இருக்காது, வாரம் 100 ரூபா இருக்கும். வாராவாரம் சேர்க்கத் தீர்மானித்து அவரையே பொருளாளராக்கினர். நிலுவை முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் குளோரின் வாங்குவது நிற்கவில்லை. உண்மையிலேயே கட்ட முடியாத நான்கு வீடுகளுக்குக் கூட்டத்திலேயே விலக்குக் கொடுக்கப்பட்டது. அதில் இரண்டு வீடுகள் வந்தவர்களுடையவை, இரண்டு ஊரவர்களுடையவை.

மழையையும் மறக்க வேண்டாம்

20 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 20 லீற்றர். வருடத்தில் 1,000 மில்லிமீற்றர் பெய்தால் 20,000 லீற்றர். வீணாவதைக் கழித்தாலும் 16,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் என்றால் வருடத்துக்கு 9,125 லீற்றர் போதும். எல்லாவற்றையும் சேமிக்கத் தாங்கி கட்ட வசதியில்லாவிட்டாலும், வடகீழ்ப் பருவமழையில் கைக்குழந்தைக்கும் குடிப்பதற்கும் வேண்டியதையாவது பிடிக்கலாம். முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டுப் பிறகு பிடியுங்கள். தாங்கியை நுளம்பு புகாதபடி மூடி வையுங்கள். குடிக்குமுன் கொதிக்க வையுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் ஊர் நீர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் மூவராகப் போங்கள். மூன்று கேள்விகள் போதும்: தண்ணீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது? கணக்கு ஏன் அறிவித்தல் பலகையில் இல்லை? 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டு. உங்கள் பிரதேச சபையின் பெண் உறுப்பினரிடமும் இதே கேள்விகளைக் கொண்டு போங்கள்.

அந்தத் தாயாரிடம் விடைபெறும்போது, இப்போதும் கிணற்றடியில் சண்டை வருமா என்று கேட்டேன். "வரும் மகள். ஆனா இப்ப ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பில்தானே வருது" என்று சிரித்தார். பிறகு தண்ணீர் தந்தார். கொதிக்க வைத்து ஆறிய மழைத்தண்ணீர்.